ஓர் அழுத்து, ஒரு துடிப்பு

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல் கதவுகளில் மின்பூட்டு இப்போது சாதாரணமாகிவிட்டது. உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்துகிறார், பூட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் 12 வோல்ட் பாய்கிறது, தாழ் விலகுகிறது. இந்தப் பூட்டுகளில் பலவற்றின் சுருள் ஓரிரு விநாடி மின்சாரத்தைத் தாங்கும்படி மட்டுமே சுற்றப்பட்டது. தாழ் விலகிய பிறகும் பாய்கிற மின்சாரத்துக்குச் சுருளைச் சூடாக்குவது தவிர வேறு வேலை இல்லை. யாராவது பேச்சு சுவாரசியத்தில் பொத்தானிலேயே கையை வைத்திருந்தால் சுருள் கருகிப்போகும். ஒரு குழந்தை பட்டும் படாமலும் தொட்டுவிட்டு ஓடினால், தாழ் முழுதாக விலகும் முன்பே மின்சாரம் நின்றுவிடும்.

விரலுக்கும் பூட்டுக்கும் நடுவே ஒரு சுற்று வேண்டும். எப்படி அழுத்தினாலும், எவ்வளவு நேரம் அழுத்தினாலும், அது ஒரே அளவான ஒரு துடிப்பைத் தர வேண்டும். தந்துவிட்டு மறு அழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். பாடநூல்கள் இதை மோனோஸ்டேபிள் என்கின்றன. பட்டறையில் ‘ஒன்-ஷாட்’. நிலையாக நிற்கக்கூடிய நிலை இதற்கு ஒன்றுதான். தட்டிவிட்டால் இன்னொரு நிலைக்குத் தாவி, சிறிது நேரம் இருந்துவிட்டுத் தானே திரும்பிவிடும். இந்த அத்தியாயத்தில் அப்படி ஒன்றை 555 என்ற டைமர் சிப்பை வைத்துக் கட்டப்போகிறோம். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் 555 ஐசி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்; ஒரு தேநீர் விலைதான் இருக்கும்.

டைமர் என்று பெயர் இருந்தாலும் இந்தச் சிப்புக்குள் நேரத்தை அளக்கும் பொருள் எதுவும் கிடையாது. நேரம் வெளியே இருக்கிறது: நாம் வாங்கி வைக்கும் ஒரு மின்தடையிலும் ஒரு மின்தேக்கியிலும். சிப் செய்வது மின்தேக்கியின் வோல்ட்டேஜைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஒரு கோட்டைத் தாண்டியதும் தீர்ப்புச் சொல்வது. 555-ஐ வைத்துக் கட்டும்போது நேர்கிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வேலைப் பிரிவினையை மறப்பதால் வருபவை. அதனால் முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம்.

உள்ளே சப்ளைக்கும் தரைக்கும் நடுவே 5 கிலோ ஓம் மின்தடைகள் மூன்று வரிசையாக நிற்கின்றன. மூன்றும் சமம் என்பதால் சப்ளை வோல்ட்டேஜ் மூன்று சம பங்காகப் பிரிகிறது. 12 வோல்ட் கொடுத்தால் ஒரு சந்திப்பில் 4 வோல்ட், இன்னொன்றில் 8 வோல்ட். இந்த இரண்டு கோடுகளையும் இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகள் காவல் காக்கின்றன. 2-ஆம் காலில் உள்ள வோல்ட்டேஜ் கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஒன்று குரல் கொடுக்கும். 6-ஆம் காலில் உள்ளது மேல் கோட்டைத் தாண்டினால் மற்றது குரல் கொடுக்கும். கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு ஃபிளிப்-ஃபிளாப். அது 3-ஆம் காலில் வெளியீட்டை ஏற்றி இறக்குகிறது. வெளியீடு இறங்கியிருக்கும்போது 7-ஆம் காலில் உள்ள டிரான்சிஸ்டரைத் திறந்து அந்தக் காலைத் தரையோடு சேர்த்துவிடுகிறது.

சுற்றைக் கட்டுவோம். சிப்பின் வெட்டு மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் மூலை 1-ஆம் கால். அங்கிருந்து இடப்பக்கம் கீழே இறங்கி, வலப்பக்கம் மேலே ஏறினால் வலது மேல் மூலை 8. 1 தரைக்கு, 8 சப்ளைக்கு. 6-ஐயும் 7-ஐயும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து சப்ளைக்கு 100 கிலோ ஓம் (பழுப்பு, கருப்பு, மஞ்சள்), தரைக்கு 10 மைக்ரோஃபாரட். 5-ஆம் காலிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட், உள்ளே இருக்கும் மேல் கோடு இரைச்சலில் ஆடாமல் இருக்க இது. 4-ஆம் காலை இப்போதைக்குச் சப்ளையோடு சேர்த்துவிடுங்கள். அதற்குத் திரும்பி வருவோம். 2-ஆம் காலைச் சப்ளைக்கு 10 கிலோ ஓம் வழியே இழுத்துப் பிடித்து, பொத்தானை அந்தக் காலுக்கும் தரைக்கும் நடுவே வையுங்கள். பாடநூல் படம் இதுதான். 3-ஆம் காலில் 1 கிலோ ஓம் வழியாக ஓர் எல்இடி.

பொத்தானைத் தட்டினால் எல்இடி எரிந்து, ஒரு விநாடிக்குச் சற்று மேலே நின்று, அணையும். அந்த ஒரு விநாடிக்குள் நடப்பது இது: 2-ஆம் கால் தரையைத் தொட்டதும் ஃபிளிப்-ஃபிளாப் புரள்கிறது, வெளியீடு ஏறுகிறது, 7-ஆம் கால் தரையை விட்டுவிடுகிறது. அதுவரை வெறுமையாக வைக்கப்பட்டிருந்த மின்தேக்கி 100 கிலோ ஓம் வழியே நிரம்பத் தொடங்குகிறது. 8 வோல்ட்டைத் தொட்ட கணம் 6-ஆம் கால் பக்கமுள்ள காவல் குரல் கொடுக்க, ஃபிளிப்-ஃபிளாப் பழைய நிலைக்குப் புரள, 7-ஆம் கால் மின்தேக்கியை ஒரு நொடிப்பொழுதில் காலி செய்கிறது.

இது கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நடப்பதால் ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. மின்தடையை 1 மெகா ஓம் ஆகவும் மின்தேக்கியை 47 மைக்ரோஃபாரட் ஆகவும் மாற்றி, மின்தேக்கியின் மேல் டிஜிட்டல் மல்டிமீட்டரை வையுங்கள். பொத்தானைத் தட்டியதும் எண்கள் விறுவிறுவென்று ஏறும், போகப்போகச் சோர்ந்துவிடும். கணக்குப்படி முதல் 10 விநாடியில் 2.3 வோல்ட் ஏறும். அடுத்த பத்தில் 1.8, பிறகு 1.4, 1.1, 0.9. மின்தேக்கியில் வோல்ட்டேஜ் ஏற ஏற, மின்தடையின் மேல் மிஞ்சும் வோல்ட்டேஜ் குறைகிறது, ஓட்டமும் குறைகிறது. டம்ளரில் காபி ஆறும் கணக்கும் இதேதான்: அறைக்கும் காபிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறைய ஆறுவதும் மெதுவாகும்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவரும். சூத்திரம் சொல்வது 52 விநாடி. நீங்கள் மீட்டரை வைத்துக்கொண்டு பார்த்தால் 56 விநாடிக்கு மேல் ஆகும். பொதுவாக டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அது மின்தேக்கிக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு சிறு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. மீட்டரை எடுத்துவிட்டு எல்இடியை மட்டும் பார்த்து நேரம் எடுத்தால் அது 52-க்கு அருகே வந்துவிடும், மின்தேக்கி நல்லதாக இருந்தால்.

சூத்திரம் எங்கிருந்து வந்தது? மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கினால் ஒரு நேரம் கிடைக்கும். 100 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் என்றால் 1 விநாடி. அந்த நேரம் ஒருமுறை கழிந்தால் மின்தேக்கி சப்ளையில் 63.2 சதவீதத்தை எட்டும். நமக்கு வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.7 சதவீதம். கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை. எவ்வளவு என்பதை 3 என்ற எண்ணின் இயல் மடக்கை சொல்கிறது: 1.0986. அதை முழுமைப்படுத்தி 1.1 என்று எழுதுகிறார்கள். துடிப்பின் நீளம் = 1.1 × மின்தடை × மின்தேக்கி. சூத்திரம் இவ்வளவுதான்.

அதில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். சப்ளை வோல்ட்டேஜ் அதில் இல்லை. நான் 555-ஐ நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான். 12 வோல்ட்டில் மின்தேக்கி 8 வோல்ட்டை எட்ட வேண்டும். அதற்கு 80 மைக்ரோ கூலும் மின்னூட்டம் தேவை. தொடக்க ஓட்டம் 120 மைக்ரோ ஆம்பியர். 9 வோல்ட்டுக்கு மாற்றினால் எட்ட வேண்டியது 6 வோல்ட். 60 மைக்ரோ கூலும் போதும். தொடக்க ஓட்டம் 90 மைக்ரோ ஆம்பியர். தேவை எந்த அளவில் குறைந்ததோ வரவும் அதே அளவில் குறைந்துவிட்டது. நேரம் அப்படியே நிற்கிறது. சிப் வோல்ட்டை அளக்கவில்லை, பங்கை அளக்கிறது. பாட்டரி தேய்ந்து வோல்ட்டேஜ் இறங்கினாலும் கதவு அதே 1.1 விநாடிதான் திறந்திருக்கும். தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களில் சப்ளை 1 வோல்ட் மாறினால் நேரம் மாறுவது 0.1 சதவீதம்தான் என்று பார்க்கலாம். மெதுவான மாற்றத்துக்கே இந்தப் பாதுகாப்பு. துடிப்பின் நடுவில் சப்ளை திடீரென்று பள்ளத்தில் விழுந்தால் மேல் கோடும் கூடவே இறங்கி, துடிப்பு முன்கூட்டியே முடிந்துவிடக்கூடும்.

இதை வடிவமைத்தவர் ஹான்ஸ் காமன்சிண்ட். 1934-இல் சூரிச்சில் பிறந்து, 1960-இல் அமெரிக்கா போனவர். கலிபோர்னியாவின் சிக்னெடிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பிறகு அதை விட்டு வெளியே வந்து, அதே நிறுவனத்துக்கு ஒப்பந்த முறையில் 1971-இல் இந்தச் சிப்பைச் செய்து கொடுத்தார். மற்றப் பொறியாளர்களிடம் யோசனைக்கு வரவேற்பு இல்லை. இருக்கிற பாகங்களை வைத்தே இதைக் கட்டிவிடலாமே என்பது அவர்கள் வாதம். விற்பனைப் பிரிவின் ஆர்ட் ஃபியூரிக்கு அது பிடித்தது. 555 என்ற எண்ணைத் தேர்ந்தவரும் அவரே. உள்ளே இருக்கும் மூன்று 5 கிலோ ஓம்களிலிருந்து எண் வந்தது என்பது பலரும் சொல்லும் கதை. காமன்சிண்ட் அதை மறுத்திருக்கிறார்.

அவருடைய முதல் வடிவத்தில் மின்தேக்கியை நிரப்ப ஒரு மாறா ஓட்ட மூலம் இருந்தது. அதனால் வோல்ட்டேஜ் நேர்கோடாக ஏறும். ஆனால் அந்த வடிவத்துக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. எட்டுக் கால் உறைக்குள் அடங்காது. 14 கால் உறைக்குத்தான் போக வேண்டும். வடிவம் ஆய்வில் தேறிய பிறகு, மாறா ஓட்ட மூலத்தையே எடுத்துவிட்டு வெறும் மின்தடை வழியாக நிரப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஏற்றம் வளைகோடாகும், ஆகட்டும். நேர்கோடு யாருக்கும் தேவைப்படவில்லை. தேவை, கோட்டைத் தாண்டும் கணம் சப்ளையைச் சாராமல் இருப்பது. வளைகோடும் அதைத் தருகிறது. ஒரு கால் மிச்சமானது. எட்டுக் காலில் அடங்கிய சிப் 1972-இல் சந்தைக்கு வந்தது. வடிவமைப்பை இவ்வளவு எளிமையாக்கிய அந்த ஒரு நீக்கல்தான் அவருடைய வேலையின் உச்சம் என்பது என் எண்ணம். இன்றும் பல நிறுவனங்கள் அதே கால் அமைப்பில் இதைத் தயாரிக்கின்றன. காமன்சிண்ட் 2012-இல் காலமானார்.

இனி நம் பூட்டுக்கு வருவோம். கட்டிய சுற்றில் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எல்இடி ஐந்து விநாடியும் எரிகிறது! எதைத் தடுக்க இந்தச் சுற்றைக் கட்டினோமோ அதுவே நடக்கிறது. 2-ஆம் கால் தரையில் இருக்கும்வரை கீழ்க் காவல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேல் காவல் நேரமாகிவிட்டது என்று சொன்னாலும் வெளியீடு இறங்காது. தூண்டும் துடிப்பு வெளியீட்டுத் துடிப்பைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும் என்பது 555-இன் நிபந்தனை. மனித விரலுக்கு அந்த நிபந்தனை தெரியாது.

தீர்வு, பொத்தானுக்கும் 2-ஆம் காலுக்கும் நடுவே 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைப்பது. 2-ஆம் காலைச் சப்ளையோடு இழுக்கும் 10 கிலோ ஓம் அப்படியே இருக்கட்டும். பொத்தான் பக்க முனையைத் தனியாக 100 கிலோ ஓம் வழியே சப்ளைக்கு இழுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியதும் அந்த முனை 12-இலிருந்து 0-க்கு விழும். மின்தேக்கியின் வோல்ட்டேஜ் உடனே மாற முடியாததால் மறுமுனையும், அதாவது 2-ஆம் காலும், கூடவே விழும். சிப் தூண்டப்படும். அடுத்து 10 கிலோ ஓம் அந்தக் காலை மேலே இழுக்கத் தொடங்கி, ஏறக்குறைய 40 மைக்ரோ விநாடியில் 4 வோல்ட்டைத் தாண்ட வைத்துவிடும். விரல் இன்னும் பொத்தானில்தான் இருக்கிறது, ஆனால் 2-ஆம் காலைப் பொறுத்தவரை அழுத்து முடிந்துவிட்டது.

இத்தோடு விட்டால் இன்னொரு தொல்லை வரும். பொத்தானின் உலோகத் தகடுகள் ஒன்றை ஒன்று தொடும்போதும் பிரியும்போதும் சில மில்லி விநாடிக்குத் துள்ளும். அழுத்தும்போது துள்ளுவது பற்றிக் கவலை இல்லை, 1.1 விநாடி ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் தூண்டல்களைச் சிப் பொருட்படுத்தாது. ஐந்து விநாடி பிடித்துவிட்டுக் கையை எடுக்கும்போது நேரும் துள்ளல்தான் ஆபத்து. துடிப்பு ஏற்கெனவே முடிந்திருக்கும். தகடு பிரிந்து, முனை மேலேறி, மறுபடி தொட்டால் அது புதிய அழுத்தாகிவிடும். கதவு இரண்டாம் முறை திறக்கும். பொத்தானின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றை வைத்தால் இது தீரும். 100 கிலோ ஓமோடு சேர்ந்து அந்த முனை ஏற 10 மில்லி விநாடி அளவில் எடுக்கும். நடுவே தகடு ஒருமுறை துள்ளித் தொட்டாலும் வீழ்ச்சி ஓரிரு வோல்ட்தான். தூண்ட 8 வோல்ட் வீழ்ச்சி வேண்டும். முனை இவ்வளவு மெதுவாக ஏறுவதால் கையை எடுக்கும்போது 2-ஆம் கால் சப்ளைக்கு மேலே 0.1 வோல்ட் அளவே துள்ளும். பல படங்களில் அந்த இடத்தில் காணும் காப்பு டையோடு இந்த அமைப்பில் இல்லாமலே சமாளிக்கலாம். வாசலிலிருந்து வீட்டுக்குள் வரும் நீளமான ஒயர் பிடித்துக்கொண்டு வரும் இரைச்சலையும் அதே மின்தேக்கி தணிக்கிறது.

அடுத்தது மின்வெட்டு. மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில் எல்லா மின்தேக்கிகளும் வெறுமையாக இருக்கும். பொத்தான் முனையும் 2-ஆம் காலும் தரை மட்டத்திலிருந்தே கிளம்பும். சிப் அதை அழுத்து என்று எடுத்துக்கொண்டு ஒரு துடிப்பைத் தரும். எல்இடி என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் வாசல் கதவு தானாகத் திறந்துகொள்வதை எந்தக் குடியிருப்பு ஏற்கும்? இங்கேதான் 4-ஆம் கால் வருகிறது. அது தாழ்ந்திருக்கும்வரை மற்ற எதையும் கேட்காமல் வெளியீடு இறங்கியே இருக்கும். சப்ளையோடு நேராகச் சேர்த்திருந்ததை எடுத்துவிட்டு 100 கிலோ ஓம் வழியே சேருங்கள். அந்தக் காலிலிருந்து தரைக்கு 10 மைக்ரோஃபாரட். மின்சாரம் வந்ததும் 4-ஆம் கால் விடுதலை மட்டத்தைத் தாண்டச் சில பத்து மில்லி விநாடி ஆகும். அதற்குள் 2-ஆம் கால் மேலே போய் நின்றிருக்கும். 4-ஆம் காலிலிருந்து சப்ளையை நோக்கி ஒரு சிறு டையோடு வைத்தால், மின்சாரம் கண்ணிமைத்துவிட்டு வரும் சமயங்களிலும் அந்த மின்தேக்கி விரைவில் காலியாகித் தயாராக இருக்கும்.

555-இன் வெளியீடு 200 மில்லி ஆம்பியர் வரை தரும். பூட்டின் சுருள் ஓர் ஆம்பியரையும் கேட்கலாம். நடுவே ரிலே வேண்டும். சாதாரண 12 வோல்ட் ரிலேயின் சுருள் 400 ஓம். 30 மில்லி ஆம்பியர் போதும். சிப்பே நேராக ஓட்டலாம்தான். ஆனால் 3-ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை ஓட்டி, அது ரிலேயை ஓட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். ரிலேயை நிறுத்தும்போது அதன் சுருள் தன்னிடம் தேங்கிய ஆற்றலை எதிர்த்திசை வோல்ட்டேஜாகக் கக்கும்; சுருளின் குறுக்கே ஒரு 1என்4007 டையோடை, கோடு சப்ளை பக்கம் இருக்கும்படி வைத்தால் அது அங்கேயே அடங்கும். பூட்டின் சுருளுக்கும் அப்படி ஒன்று. டிரான்சிஸ்டர் நடுவில் இருப்பதால் மிச்சமிருக்கும் உதறலும் சிப்பின் காலுக்கு வராது.

சிப்பின் 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் நடுவே, எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கியும் கூடவே 100 மைக்ரோஃபாரட்டும் வையுங்கள். பழைய வகை 555-இன் வெளியீடு புரளும் கணத்தில் அதன் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் சற்றே ஒன்றாகத் திறந்து, சில நூறு மில்லி ஆம்பியர் நேராகத் தரைக்குப் பாய்கிறது. சப்ளையில் அது ஒரு பள்ளம் வெட்டும். பலர் கட்டும் சுற்றுகள் பிரெட்போர்டில் காரணமில்லாமல் தாமாகத் தூண்டிக்கொள்வது இதனால்தான். பாட்டரியில் ஓடும் வேலை என்றால் டிஎல்சி555, எல்எம்சி555 போன்ற சிமாஸ் வகைகளை வாங்குங்கள். அவற்றில் இந்தப் பள்ளம் மிகச் சிறியது, சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் அவை வெளியே தரக்கூடிய ஓட்டமும் குறைவு, குறிப்பாக வெளியீடு ஏறியிருக்கும்போது.

நீண்ட நேரம் வேண்டும் என்று மின்தடையையும் மின்தேக்கியையும் இஷ்டம்போல் பெரிதாக்க முடியாது. 1 மெகா ஓம் வைத்தால், மேல் கோட்டை நெருங்கும்போது அதன் வழியே வருவது 4 மைக்ரோ ஆம்பியர் மட்டும். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் கசியும். 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் மின்தேக்கிக்கு வழக்கமான விதிப்படி 75 மைக்ரோ ஆம்பியர் வரை கசிவு அனுமதி உண்டு. நல்ல மின்தேக்கியில் உண்மைக் கசிவு அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் அது 4 மைக்ரோ ஆம்பியரை எட்டிவிட்டால் வருவதெல்லாம் கசிந்து, வோல்ட்டேஜ் கோட்டை எட்டவே எட்டாது, ரிலே விடவே விடாது. எலக்ட்ரோலிட்டிக்கின் மேல் அச்சிட்ட மதிப்பே 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், சிப் 1 சதவீதத் துல்லியம் தந்தாலும் உங்கள் 1.1 விநாடி 0.9 ஆகவும் 1.3 ஆகவும் வரும். பூட்டுக்கு அது போதும். துல்லியம் வேண்டிய இடத்தில் ஃபிலிம் மின்தேக்கியைப் போட்டு மின்தடையைப் பெரிதாக்குங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டுமென்றால் வேகமாகத் துடிக்கும் ஒரு சுற்றை ஓடவிட்டு எண்ணும் சிப்பே சரியான வழி.

ஓடிக்கொண்டிருக்கும் துடிப்பின் நடுவே இரண்டாவது ஆள் பொத்தானை அழுத்தினால் இந்தச் சுற்று அதைக் கணக்கில் கொள்ளாது, முதல் 1.1 விநாடி முடிந்ததும் கதவு பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அழுத்துக்கும் நேரம் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் 74எச்சி123 போன்ற சிப்புக்குப் போக வேண்டும். மாடிப்படி விளக்குக்கு அது பொருத்தம். பூட்டுக்கு அதைப் போடாதீர்கள். மாறிமாறி அழுத்துகிறவர்கள் இருந்தால் சுருளில் மின்சாரம் நிற்காமல் ஓடும்.